உட்கார்ந்திருப்பவரே வழிகாட்டி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் உருப்படியாக எதையும் கண்டுபிடிக்காமல் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் பாங்காக் மாநகரில் 'அமர்வு வழிகாட்டி'யைக் கண்டுபிடித்தது.

சட்டம் தெளிவானது. தாய்லாந்தைத் தாய்லாந்துக்காரர்தான் சுற்றிக்காட்ட வேண்டும். வெளிநாட்டவர் அந்தத் தொழிலைத் தொடக்கூடாது. சுற்றுலா நிறுவனங்கள் சட்டத்தின் மீது உயிரையே வைத்திருப்பவை. ஆகவே ஒவ்வொரு பேருந்திலும் உரிமம் பெற்ற தாய்லாந்துக்காரர் ஒருவரை முன்சீட்டில் உட்கார வைக்கின்றன. அவர் உட்காருவார். அவருக்குப் பக்கத்தில், கொரியாவிலிருந்து வந்த ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நாட்டைச் சுற்றிக்காட்டுவார். வழிகாட்டி தாய்லாந்துக்காரராக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அவர் வாயைத் திறக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இந்த நுட்பத்தை முதலில் கண்டவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் சிலை வைக்கலாம். உட்கார்ந்த நிலையில்.

இத்துறையின் ஒப்பற்ற திலகம் கோப். கியாட்திகுன் என்று ஒரு முழுப்பெயரும் அவருக்கு உண்டு. பெற்றவர்களே அதைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துத்தான் நினைவுபடுத்திக்கொண்டார்கள். கோப் என்றால் தவளை. குழந்தைக்குத் திருஷ்டி படாமலிருக்க வைத்த செல்லப்பெயர், தொழிலுக்கும் பொருந்திப்போனது.

கோப் உட்காருவதைப் பார்க்க வேண்டும். முதுகு நேர்க்கோடு. கைகள் மடியில். கண்கள் சாலையில். சிவப்பு விளக்கில் உட்காருவார்; பச்சை விழுந்தாலும் உட்காருவார். சுகும்வித் சாலை நெரிசலில் ஊரே பெருமூச்சு விடும், கோப் விடமாட்டார். பெருமூச்சு 'பேச்சு' என்பதில் சேருமா என்று நிறுவனம் இன்னும் தெளிவுபடுத்தவில்லை. கழுத்தில் தொங்கும் உரிம அட்டையில் அவருடைய புகைப்படம் இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதுதான் முறை. முன்கண்ணாடி வழியாக ஆண்டுக்கணக்கில் வெயில் அடித்ததில் முகம் வெளுத்துப்போய், இப்போது அதில் யாரை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம்.

இவ்வளவு பெருமை வாய்ந்தவருக்கு ஒரே ஒரு குறை. அவருக்கு விஷயம் தெரியும்.

கோப் பிறந்தது ஆற்றுக்கு அந்தப்பக்கம், விடியல் கோயிலுக்குப் பின்சந்தில். வழிகாட்டித் தேர்வில் அந்தக் கோயிலைப் பற்றி அவர் எழுதிய பதிலை, திருத்தியவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாராம். அதன்பின் உரிமம் கிடைத்தது. உரிமம் கிடைத்ததால் முன்சீட்டு கிடைத்தது. முன்சீட்டு கிடைத்ததால் அந்தப் பதிலை இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆயுளில் ஒரே ஒரு தடவை, அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கோப்பின் ஆசை அவ்வளவுதான்.

பேசும் பொறுப்பு ஷிம் அவர்களிடம் இருந்தது. தென்கொரியாவில் மூன்று தொழில்களில் தோற்று, பாங்காக்கில் வரலாற்றாசிரியராக மலர்ந்தவர். விடியல் கோயிலைப் பற்றி ஷிம் கூறுவதாவது: முன்னொரு காலத்தில் தாய்லாந்து இளவரசன் ஒருவன் கொரிய இளவரசியைக் காதலித்தான். ஊடலில் அவள் அரண்மனைத் தட்டுகளை எல்லாம் போட்டு உடைத்தாள். இளவரசன் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி, அவள் நினைவாகக் கோபுரம் கட்டினான். இதைக் கேட்டதும் கொரியர்கள் கைதட்டுவார்கள். முன்சீட்டில் கோப்பின் காது மட்டும் சிவக்கும். காது சிவப்பதைத் தடுக்க அவர் எவ்வளவோ பாடுபட்டும் முடியவில்லை.

ஆனால் ஒரு வேலை நடந்திருந்தது. வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஷிம்மின் கொரிய மொழி முழுவதும் கோப்பின் மண்டைக்குள் குடியேறிவிட்டது. வேறு கொரிய மொழி அவருக்குத் தெரியாது. ஷிம் பேசியதெல்லாம் தெரியும். ஷிம் பேசாத ஒரு சொல்லும் தெரியாது.

இந்த மாதம் கோப்பின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் அதிகாரம் 'சுற்றுலா நேர்மைக் கண்காணிப்புப் பிரிவு' என்ற மாண்புமிகு அலுவலகத்துக்கு. ஒரே ஒரு புகார் போனாலும் உரிமம் போகும். உரிமம் போனால் முன்சீட்டு போகும். முன்சீட்டு போனால் கோப் நிற்க வேண்டும். அதற்கு அவரிடம் பயிற்சியும் இல்லை, முழங்காலும் இல்லை.

அன்றைய குழு, கொரியாவின் தேஜான் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கம். எல்லார் தலையிலும் ஒரே ஊதா நிறத் தொப்பி. காலையில் விடுதி வாசலில் ஏறத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்து விற்கும் வண்டிக்காரம்மாவிடம் ஓட்டுநர் சம்ரான் காலைப் பலகாரம் முடித்துக்கொண்டிருந்தார். சம்ரான் வடகிழக்கு ஜில்லாக்காரர். அந்தப்பக்கத்து ஆட்கள் மிளகாயைக் காய்கறி என்று நினைப்பவர்கள்.

குழுவின் முன்னால் சிறிது வீரம் காட்ட ஷிம்முக்குத் தோன்றியது.

"சம்ரான் அண்ணே, உங்களுக்கு இடிச்ச மாதிரியே எனக்கும் ஒரு தட்டு சொல்லுங்க."

"வேணாம் சார். இது எங்க ஊர்க் காரம். பஸ் இன்ஜினுக்கே ஆகாது."

"அட, நான் பாதி தாய்லாந்துக்காரன் ஆயிட்டேன்யா!"

"எந்தப் பாதின்னு யோசிச்சுக்கங்க சார். இது ரெண்டு பாதியையும் கேக்கும்."

வண்டிக்காரம்மா ஷிம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "சாகட்டும்னு போடவா, பொழைக்கட்டும்னு போடவா?" என்று சம்ரானைக் கேட்டாள். சம்ரான் பதில் சொல்லும் முன்பே உலக்கை விழ ஆரம்பித்துவிட்டது.

ஷிம் தின்றார். நலச்சங்கம் கைதட்டியது. ஷிம் இரண்டு கைகளையும் உயர்த்தி, "எல்லாரும் பஸ்ஸில் ஏறுங்கள்" என்று சொன்னார். சொன்னதாக அவர்தான் நினைத்தார். வாய் அசைந்தது, சைக்கிள் டியூபில் காற்று போவதுபோல ஒரு சத்தம் வந்தது, அத்துடன் அவருடைய குரல் பொதுவாழ்விலிருந்து ஓய்வு பெற்றது.

கோப் தன் நிறுவன முதலாளி அனோங் அம்மையாருக்குப் போன் போட்டார்.

"அக்கா, ஷிம்முக்குக் குரல் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"உள்ள எங்கயோதான் இருக்கு. வெளிய வரமாட்டேங்குது."

"நீ யாரு பேசறது?"

"கோப்தான்கா. முன்சீட்டு கோப்."

"உன் குரல் இப்படியா இருக்கும்? நான் கொஞ்சம் தடிமனா நெனச்சிருந்தேன்." பிறகு அம்மையார் விஷயத்துக்கு வந்தார். "இங்க பாரு. மைக்குல ஒருத்தர் பேசிட்டே இருந்தாத்தான் அவங்க நமக்குக் கமிஷன் தர்ற தலையணைக் கடையில எறங்குவாங்க. தலையணை விக்கலைன்னா, இவங்கள நாம ஊர் சுத்திக் காட்டினது பூராவும் தர்மக் கணக்கு. உனக்குக் கொரியன் வருமா?"

"ஷிம் சொல்றது அத்தனையும் மனப்பாடம்கா."

"அப்ப அதையே சொல்லு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. முக்கியமா, உண்மை கிண்மை எதையும் நடுவுல கலந்துடாதே. சாப்பிட்டவங்களுக்கு ஒத்துக்காது."

கோப் முன்சீட்டிலிருந்து எழுந்தார். சுற்றுலா வரலாற்றில் இது எத்தகைய நிகழ்வு என்பதை அப்போது யாரும் உணரவில்லை. மைக் வயர் உரிம அட்டையின் கயிற்றில் சிக்கியது. அட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டினார். காலியான முன்சீட்டில், கண்ணீர் வழிய, ஐஸ் கட்டியை வாயில் அடக்கியபடி ஷிம் உட்கார்ந்தார். இருக்கையின் மென்மை அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஊரை விட்டு வந்ததிலிருந்து நின்றுகொண்டே பேசிய மனிதர் அவர்.

கோப் மைக்கைத் தட்டினார். பேசினார்.

அது அச்சு அசல் ஷிம். ஷிம் இருமும் இடத்தில் இருமினார். ஷிம் தொண்டையைச் செருமும் இடத்தில் செருமினார். "என் மனைவி பூசானில் இருக்கிறாள், நான் பாங்காக்கில் இருக்கிறேன், அதனால்தான் குடும்பத்தில் சண்டையே இல்லை" என்ற ஷிம்மின் நகைச்சுவையையும் சொன்னார். சங்கத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தாய்லாந்துக்காரர் கொரியாவின் பூசான் நகரில் மனைவி வைத்திருப்பது அவர்களுக்குக் கூடுதல் வியப்பாக இருந்தது. அதில் இருந்த 'பூசான்' மட்டும் சம்ரானுக்குப் புரிந்தது. சிரிப்பை வைத்து மீதியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பூசான்ல உனக்குக் குடும்பமா?"

"இல்லண்ணே, அது ஷிம்மோடது."

"அவர் குடும்பத்த நீ எதுக்குய்யா சொல்லிட்டு வர்றே?"

"அக்கா ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னுட்டாங்கண்ணே."

விடியல் கோயில் வந்தது. ஷிம் பஸ்ஸிலேயே இருந்துகொண்டார். அமர்வின் சுகம் ஏற ஆரம்பித்திருந்தது. கோப் ஊதாத் தொப்பிகளைக் கோபுரத்தின் அடிக்கு நடத்திச் சென்றார். இளவரசன், இளவரசி, ஊடல், தட்டு. எல்லாம் சரியாக நடந்தது. கைதட்டல் வந்தது. 'போட்டோ எடுங்கள், நேரமாயிற்று' என்பதுதான் அடுத்த வரி.

அப்போது கூ டீச்சர் கையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வாழ்நாள் முழுக்க விடைத்தாளில் வழிமுறை எழுதாதவனுக்கு மதிப்பெண் போட்டதில்லை.

"இளவரசி பேர் என்ன?"

கோப் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எந்த வம்சம்? இங்க வந்தது கப்பல்லயா? ஒரு பொண்ணு கோபத்துல உடச்சா எவ்வளவு தட்டு உடைப்பா? இந்தக் கோபுரம் இவ்வளவு உசரம் இருக்கு. கணக்கு ஒதைக்குதே, தம்பி."

இம்மாதிரி நேரங்களில் ஷிம் 'போட்டோ எடுங்கள், நேரமாயிற்று' என்பதை இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்வது வழக்கம். கோப் அதற்காகத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எதிரே கோபுரம். பக்கத்தில் அவர் கோலி விளையாடிய சந்து. கண்ணெதிரே, விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று நிற்கும் ஒரு மனுஷி.

"இளவரசி இல்லை" என்று அவர் வாயிலிருந்து வந்தது.

சொன்ன பிறகுதான் ஆபத்து புரிந்தது. உண்மை அவருக்குத் தாய்லாந்து மொழியில்தான் தெரியும். கொரியனில் அவரிடம் இருந்தவை: ஊடல் கதை, கழிப்பறைக்கு வழி, போட்டோ, பூசான் மனைவி. மற்றதெல்லாம் ஷிம் நாள்தோறும் மிக நீண்டநேரம் உருகி உருகிப் பேசும் ரப்பர் தலையணை. வேறு சொற்கள் இல்லை. கோப் இருந்ததை வைத்து ஆரம்பித்தார்.

"இளவரசி இல்லை. தட்டு இருந்தது. சீனத்துத் தட்டு. ஒரிஜினல். கப்பல் வரும். கப்பல் ஆடும். ஆடினால் முதுகுத்தண்டுக்கு ஆகாது. அதனால் கப்பலுக்கு அடியில் தட்டு வைத்தார்கள். கனமாக. தட்டுதான் கப்பலுக்குத் தலையணை."

சங்கத்தார் இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள்.

"கப்பல் இங்கே வந்தது. தலையணை உடைந்தது. உடைந்ததை மாற்றித் தரமாட்டார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எங்கள் ஆட்கள் தூக்கிப் போடவில்லை. கழுவினார்கள். ஒட்டினார்கள். பூவாக ஒட்டினார்கள். பூச்சி அரிக்காது. வெயிலில் அமுங்காது. பாருங்கள், தொட்டுப் பாருங்கள். நூறு வருஷம் உத்தரவாதம். அதற்கு மேலும் இருக்கிறது."

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மெதுவாகக் கையை நீட்டி, சுவரில் ஒரு பீங்கான் இதழைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர்.

கூ டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் தொப்பியில் துடைத்தார். "அப்போ இது மொத்தமும் உடஞ்ச சாமான்லயா நிக்குது?"

"மொத்தமும்."

"எங்க வீட்டுக்காரர் இருந்தா இங்க கூட்டிட்டு வந்திருப்பேன். ஒரு கோப்பை உடஞ்சா ஒரு வாரம் திட்டுவாரு" என்றார் டீச்சர். "நல்லா சொன்னீங்க தம்பி. வழிமுறையோட சொன்னீங்க."

கோப்பின் காது சிவந்தது. இந்த முறை வேறு காரணத்துக்காக. சம்ரான் ஹாரனை அடி அடியென்று அடித்தும், பத்து நிமிடக் கோயிலில் அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். நிறுவனத்தின் வரலாற்றில் சுற்றுலாப் பயணிகள் சுற்றுலாவில் ஈடுபட்டது அதுவே முதல் முறை.

விளைவு தலையணைக் கடையில் தெரிந்தது.

அது கடையல்ல, 'உறக்க ஆராய்ச்சி மையம்'. மேலாளர் போன்திப் வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருப்பாள். தலையணையின் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதற்கு. கொரியர்களை வரிசையாகப் படுக்க வைத்து, கோப்பை நோக்கிக் கண்ணைக் காட்டினாள்.

கோப் ஆரம்பித்தார். "முதுகுத்தண்டுக்கு நல்லது."

படுத்திருந்த சங்கத்தார் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர், "கப்பல்" என்றார்.

"கழுவலாம். பூச்சி அரிக்காது. வெயிலில் அமுங்காது."

"பூவாக ஒட்டினார்கள்" என்றார் இன்னொருவர், கூரையைப் பார்த்து.

"நூறு வருஷம் உத்தரவாதம்."

கூ டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, இன்னொரு தடவ அந்தக் கோபுரத்துக்குப் போகலாமா? சாயங்கால வெளிச்சத்துல பாக்கணும்." எல்லாரும் தலையணைகளை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். டீச்சர் மட்டும் போகிற போக்கில் போன்திப்பிடம் நின்று, கோப்பை மொழிபெயர்க்கச் சொன்னார்: "கிழிஞ்ச தலையணை ஏதாவது இருக்கான்னு கேளுங்க. நல்லதுதான் எல்லார்கிட்டயும் இருக்கே."

போன்திப்புக்கு முகம் போட்டிருந்த கோட்டைவிட வெளுத்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நேர்மைக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க கடையில ஒரு கைடு பேசறான்."

"பேசறானா?" என்று மறுமுனை அதிர்ந்தது. "அப்ப வெளிநாட்டுக்காரன்! ஓட விடாதீங்க!"

ஆய்வாளர் விரோஜ் உதவியாளர் ஒருவருடன் வந்து இறங்கியபோது, கோப் வண்டி நிறுத்துமிடத்தில் சங்கத்தாருக்கு ஆற்றின் திசையைக் காட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் முன்சீட்டில் ஷிம், கைகளை மடியில் வைத்து, ஆழ்ந்த அமைதியில் இருந்தார். தலைக்கு மேல் உரிம அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

விரோஜ் அனுபவஸ்தர். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவர் வழிகாட்டி. பேசுகிறவன் குற்றவாளி. இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருந்தார்.

"மாட்டினியா?" என்றார் கோப்பிடம். "எந்த ஊர் கொரியா?"

"சார், நான் தோன்புரி. கோயிலுக்குப் பின்சந்து."

"அடேயப்பா. நம்ம பாஷை நல்லா பேசறியே."

"நான் தாய்லாந்துக்காரன் சார்!"

"பேச்சு சுத்தம்தான். ஆனா துருப்பிடிச்ச மாதிரி இருக்கே. எங்கயோ நிக்குது, எங்கயோ இழுக்குது."

"பேசிப் பழக்கமில்ல சார். நான்தான் இந்த பஸ்ஸோட கைடு."

விரோஜும் உதவியாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "கைடாம். பேசிக்கிட்டே சொல்றான் பாரு."

கோப் தன் குடியுரிமை அட்டையை நீட்டினார். போன வாரம்தான் புதுப்பித்தது, பளபளவென்று இருந்தது. விரோஜ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஆளு அட்டை இவ்வளவு புதுசா இருக்காதுய்யா. என்னோடது பாரு, நாய் கடிச்ச மாதிரி இருக்கு. சரி, கடைசிச் சோதனை. தேசிய கீதம் பாடு."

கோப் நிமிர்ந்து நின்று பாடினார். ஒரு சொல் தவறவில்லை. ஒரு சுரம் விலகவில்லை. உதவியாளரும் விரோஜும் அசையாமல் நின்றார்கள். ஊதாத் தொப்பிகளும் மரியாதையாக நின்றன. முடிந்ததும் விரோஜ் வருத்தத்துடன் தலையாட்டினார்.

"முழுசா பாடிட்டான். நம்ம ஆளா இருந்தா மூணாவது வரிக்கு மேல வாயை மட்டும் அசைப்பான். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சிட்டு வந்திருக்கான்."

"சம்ரான் அண்ணே! நீங்க சொல்லுங்கண்ணே!" என்று கோப் கத்தினார்.

சம்ரானின் மீது பழி போடக் கூடாது. சோதனை வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நிறுவனம் அவருக்குப் பாடம் நடத்தி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி தயார் செய்திருந்தது. சீருடையைக் கண்டதும் அவருக்கு உடம்பு விறைத்தது. பாடம் தானாக வெளியே வந்தது.

"உட்கார்ந்திருப்பவரே வழிகாட்டி, ஐயா! பேசுகிறவரை எனக்குத் தெரியாது, ஐயா!"

"அண்ணே!"

"தம்பி, வாய் தானா சொல்லிடுச்சுப்பா" என்றார் சம்ரான் அழாத குறையாக. "வேற பதில் அவங்க சொல்லித் தரலையே."

கூ டீச்சருக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் அநியாயம் புரிந்தது. விரோஜின் முன்னால் வந்து நின்று, விரலை ஆட்டி ஆட்டிக் கொரியனில் பொரிந்து தள்ளினார்.

"இந்தம்மா என்ன சொல்லுது?" என்றார் விரோஜ்.

இரண்டு பாஷையும் தெரிந்து, குரலும் உள்ள ஆள் அங்கே ஒருவர்தான் இருந்தார். "நான் நாள் பூரா ரொம்ப அருமையா பேசினேன்னு சொல்றாங்க, சார்" என்றார் கோப்.

"எழுதிக்கய்யா," என்றார் விரோஜ் உதவியாளரிடம். "சாட்சியும் கெடச்சாச்சு."

பிறகு பஸ்ஸில் ஏறினார். ஷிம்முக்கு உயிர் போய் வந்தது. ஓடலாமா என்று யோசித்தார். உட்கார்ந்த சுகம் விடவில்லை. பேசலாமா என்று யோசித்தார், பப்பாளிக்காய் விடவில்லை. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பித் தலை குனிந்தார். மிளகாயின் மிச்சக் கண்ணீர் ஒரு துளி உருண்டது.

விரோஜ் மெய்சிலிர்த்துவிட்டார். "பாத்துக்கய்யா. இத்தனை கலாட்டா நடக்குது, ஒரு வார்த்தை பேசினாரா? எழுந்திரிச்சாரா? தொழில்னா இது." தன் சட்டைப் பையிலிருந்து 'முன்மாதிரித் தேசிய வழிகாட்டி' என்று பொறித்த பித்தளைப் பதக்கத்தை எடுத்து, ஷிம்மின் மார்பில் தன் கையாலேயே குத்தினார். தகுதியான ஆள் கிடைக்காமல் அது அவர் பையிலேயே நெடுநாளாகக் கிடந்தது.

கோப்பை ஜீப்பில் ஏற்றினார்கள். கூ டீச்சர் ஜன்னலைத் தட்டித் தன் ஊதாத் தொப்பியை உள்ளே கொடுத்தார். "உடஞ்சா ஒட்டிக்கலாம், தம்பி" என்றார்.

பிரிவின் அலுவலகம் ஆற்றங்கரையில் இருந்தது. எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்பதில் அலுவலகத்துக்கு உண்மையான அக்கறை இருந்தது. தென்கொரியாவா, வடகொரியாவா என்று கேட்டார்கள். கோப் பேசினார். மனைவி பெயர், பள்ளிக்கூடம், தேர்வு எழுதிய மண்டபம், பின்சந்தில் யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை சொன்னார். சொல்லச் சொல்ல நிலைமை மோசமாயிற்று. இவ்வளவு விவரம் தெரிந்தவன் உள்ளூர்க்காரனாக இருக்க வாய்ப்பே இல்லை என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். "இவ்வளவு பேசறவன் நம்ம நாட்டுல இருந்தா நமக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று உதவியாளர் கேட்டதில் நியாயம் இருந்தது.

கடைசியில் கோப்பின் தொண்டை வற்றிவிட்டது. மூலையிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் பழகிய உடம்பு. அது தானாகவே தன் வேலையைப் பார்த்தது. முதுகு நேர்க்கோடு. கைகள் மடியில். கண்கள் எங்கோ தூரத்துச் சாலையில்.

பையில் ஊற்றி வாங்கிய ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே வந்த விரோஜ், பாதி வழியில் நின்றார். உறிஞ்சுகுழல் வாயிலிருந்து நழுவியது.

"யோவ்! யாருய்யா இவர இங்க உக்கார வெச்சது?"

"சார், இவன்தான் அந்தக் கொரியாக்காரன்..."

"கொரியாக்காரனா! முதுகப் பாருய்யா! கையப் பாரு! இது பரம்பரையா வர்ற உக்காரல். நம்ம ஆளுய்யா இவரு!" விரோஜ் ஓடிவந்து கோப்பின் தோளைத் தொட்டார். "மன்னிச்சுக்கங்க அண்ணே. முன்னாடியே இப்படி உக்காந்திருந்தா இவ்வளவு வம்பே இல்லையே. உரிமம் புதுப்பிக்கணும், இல்ல? இப்பவே பண்ணிடலாம்."

புது உரிமம் மேசைக்கு வந்தது. விரோஜ் முத்திரையை மையில் அழுத்தினார். கையை ஓங்கியவர், ஜன்னல் பக்கம் பார்த்துச் சற்று நிறுத்தினார். ஆற்றுக்கு அப்பால், சாயங்கால வெயிலில், கோபுரம் முழுவதும் சில்லு சில்லாக மின்னிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தினம் பாக்கறேன். அந்தக் கோபுரம் எதனால அப்படி மின்னுது? நீங்க கைடு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கோப்புக்குத் தெரியும். இப்போது தலையணை தேவையில்லை, முதுகுத்தண்டு தேவையில்லை. தன் சொந்தப் பாஷையில், தன் சொந்த ஊர்க்காரர் ஒருவர், தானாகக் கேட்கிறார். கோப் ஊதாத் தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

முத்திரை காற்றிலேயே நின்றது. உதவியாளரின் கை மெதுவாக விலங்கைத் தேடிப் போனது.

கோப் வாயை மூடிக்கொண்டார்.

முத்திரை இறங்கியது.

"அதானே பாத்தேன்" என்றார் விரோஜ், நெஞ்சு நிறைந்து. "உரிமம் உள்ளவங்கன்னா இப்படித்தான் இருக்கணும். நீங்க போயிட்டு வாங்கண்ணே. கோபுரத்தைப் பத்தி நான் யாராவது வெளிநாட்டுக்காரனக் கேட்டுக்கறேன்."